பாபின் தீரும்போதெல்லாம் அரை டம்ளர்

சேலம் குகைப் பகுதியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த தையல் கடை எட்டுக்குப் பத்து. மேலே தகரக் கூரை, முன்னால் ஷட்டர், பின்பக்கம் முழுச்சுவர். ஜன்னல் கிடையாது. கழிப்பறையும் கிடையாது. அவசரம் என்றால் நான்கு கடை தள்ளி இருக்கும் உரிமையாளர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். நான் வருவது தெரிந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தாளுக்குள் போய்விடுவார். நல்ல மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு நான்கு முறை அவரைத் தாண்டிப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இதை நான் கஷ்டம் என்று நினைக்கவே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். காலையில் வீட்டில் ஒரு காபி, பத்து மணிக்குப் பக்கத்துக் கடை டீ, மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சொம்போடு கவிழ்த்துக்கொள்வேன். "மெஷினில் உட்கார்ந்தால் அந்த அக்கா எழுந்திருக்கவே மாட்டார்" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக வேறு இருக்கும். இப்படியே ஏழெட்டு வருடம் ஓடியது.

எங்கள் தொழிலுக்கு மே மாதம் அறுவடைக் காலம். அரசுப் பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் போகிறது. நான் அதில் இல்லை. எனக்கு வருவது தனியார் பள்ளிச் சீருடை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். வெள்ளைச் சட்டை, மடிப்பு வைத்த நீலப் பாவாடை, சுடிதார், டவுசர். அதன் நடுவில் வைகாசி முகூர்த்தத்து ரவிக்கைகள் வந்து விழும். பாவாடை மடிப்பை இஸ்திரி போட்டு நிறுத்தாமல் மேலே பட்டி தைக்க முடியாது. தகரக் கூரைக்குக் கீழே, மே மாதத்துப் பகல் ஒரு மணிக்கு, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். டெரிகாட்டன் துணி ஈரக் கையில் ஒட்டும். வெள்ளைச் சட்டையில் வியர்வை சொட்டினால் மஞ்சளாகத் தடம் விழும். பெட்டியில் கிடக்கும் குண்டூசிகூட வியர்வைக் கை பட்டுத் துருப்பிடித்துவிடும்.

சேலத்துக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் சட்டிக்குள் இருப்பது போல ஊர். ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அந்த மாக்னசைட் கல்லைச் சுட்டுத்தான் இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்சுவர்ச் செங்கல் செய்கிறார்கள். "உலைச் சூட்டைத் தாங்கும் கல் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு வெயில் என்று சொல்லலாமா?" என்று என் கணவர் கேலி செய்வார். கல்லுக்குச் சிறுநீர்ப்பை கிடையாது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், கத்திரி தொடங்கிய முதல் வாரம். காலையில் சிறுநீர் கழிக்கும்போது சுருக்கென்று எரிந்தது. சூடு பிடித்துக்கொண்டது என்று விட்டுவிட்டேன். மதியத்துக்குள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும் போல் இருந்தது. போனால் நான்கு சொட்டு. எந்தப் பெரியவரைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டேனோ, அவரை அன்று ஒரே பகலில் ஒன்பது முறை தாண்டினேன். ஒன்பதாவது முறை அவரே எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் அத்தையிடம் சொன்னேன். நீர்க்கடுப்பு என்றார்கள். இரவு படுக்கும்போது தொப்புளிலும் இரண்டு கால் கட்டை விரல் நகத்திலும் விளக்கெண்ணெய் வைத்துவிட்டார்கள். வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். அத்தையின் கை பட்டதில் எனக்குத் தூக்கம் வந்தது என்பது உண்மை. எரிச்சல் போகவில்லை என்பதும் உண்மை. மறுநாள் மருந்துக்கடையில் போய் நின்றேன். கடைக்குள் நாலைந்து ஆண்கள் இருந்ததால், அவர்கள் போகும் வரை தலைவலித் தைலத்தின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாகச் சொல்லி ஒரு சிரப் வாங்கினேன். தண்ணீரில் கலந்து குடித்ததும் எரிச்சல் அடங்கியது. சரியாகிவிட்டது என்று கடைக்குப் போய்விட்டேன். அங்கேதான் தவறினேன். அந்த சிரப் சிறுநீரின் புளிப்புத் தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான். உள்ளே கிருமி இருந்தால் அது பாட்டுக்கு இருக்கும்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு எனக்குக் குளிரெடுத்தது. வெளியே தார் உருகுகிறது, நான் தைக்க வைத்திருந்த போர்வைத் துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறேன். வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், யாரோ குத்துவது போல வலி. பக்கத்துக் கடைப் பெண்தான் ஷட்டரை இறக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்த பெண் மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். நான் எதிர்பாராத ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறீர்கள்?"

யோசித்தேன். காலையில், மாலையில், இரவு படுக்கும் முன். மூன்று.

"வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா?"

அதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் பேசாமல் இருந்ததே அவருக்குப் பதிலாகிவிட்டது. துணிக்கடை விற்பனைப் பெண்கள், வீடு வீடாகப் போகும் வேலைக்காரர்கள், பேருந்தில் தினமும் தூரம் போகிற ஆசிரியைகள் என்று கோடை வந்தால் இதே கதையோடு வருகிறார்கள் என்றார். சிறுநீர் அடிக்கடி போனால் கிருமி தங்காது. குடிக்காமலும் போகாமலும் இருந்தால் அது உள்ளேயே குடும்பம் நடத்தும் என்றார். கடுப்பு மட்டும் என்றால் சிறுநீர்ப்பையோடு நிற்கலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகுப் பக்க வலி சேர்ந்தால் சிறுநீரகம் வரை ஏறியிருக்கும், அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கொடுத்த மாத்திரையை, எரிச்சல் நின்றாலும் நிறுத்தாமல், எழுதிய நாள் வரைக்கும் முழுதாகச் சாப்பிடச் சொன்னார்.

அந்த மே மாதத்தில் ஒன்பது நாள் மெஷின் ஓடவில்லை. 34 செட் சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நான்கு முறை எழுந்து போயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். போக வர, கை கழுவ, முறைக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் நாற்பது நிமிடம். எனக்குக் கணக்கு நன்றாகவே வரும். இந்தக் கணக்கை மட்டும் ஏழெட்டு வருடமாகப் போடாமல் விட்டிருக்கிறேன்.

ஜூலையில் கடையைக் காலி செய்தேன். முன்பணத்தை வாங்கிக்கொண்டு மெஷினைக் கொண்டலாம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன். பழைய வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒரு பங்கு கழன்றுகொண்டது. வாடகை மிச்சமானதில் முதல் வருடம் வரவும் செலவும் சமமாகவே நின்றன. எல்லோராலும் இப்படிக் கடையை மூடிவிட்டு வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இனிமேல் கடை பார்க்கிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்: வாடகை, முன்பணம், ஆள் நடமாட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். நான் கடை பிடித்தபோது சாமி படம் மாட்ட ஆணி இருக்கிறதா என்று பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒழுங்காகத் தண்ணீர் குடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பழக்கம் விடவில்லை. பக்கத்தில் பாட்டில் வைத்துக்கொண்டால் மாலையில் அப்படியே இருக்கும். கைப்பேசியில் மணி வைத்தேன். மடிப்பு பிடித்துக்கொண்டிருக்கும்போது அடித்தால் எரிச்சல்தான் வந்தது. கடைசியில் மெஷினே வழி சொன்னது. அடிநூல் தீர்ந்தால் எப்படியும் நிறுத்தியாக வேண்டும், பாபினைக் கழற்றி நூல் சுற்ற வேண்டும். அப்போது அரை டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் சட்டம். சீருடைக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பாபின் தீரும். முன்பெல்லாம் நேரம் மிச்சம் என்று காலையிலேயே பத்துப் பாபினைச் சுற்றி வைத்துக்கொள்வேன். இப்போது வேண்டுமென்றே ஒன்றுதான் சுற்றுகிறேன். போதுமா என்பதற்குச் சிறுநீரின் நிறமே அளவு. வெளிர் வைக்கோல் நிறம் என்றால் சரி, தேயிலைத் தண்ணீர் போல வந்தால் குடிக்கவில்லை என்று பொருள்.

நேரத்தையும் மாற்றினேன். அதிகாலை நாலரைக்கு எழுந்தால் முன்னறைத் தரை சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் மெஷின் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். முதல் வாரத்திலேயே வந்தார்கள். அதனால் சத்தமில்லாத வேலைகளை அதற்கு வைத்தேன். தரையில் துணி விரித்து அளவு போட்டு வெட்டுவது, முந்தைய நாள் துணிக்கு இஸ்திரி போடுவது. ஆறு மணிக்குள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிடுவேன். ஆறிலிருந்து பதினொன்று வரை மெஷின். பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை மெஷின் பக்கமே போவதில்லை. கொக்கி, பட்டன், காஜா, ஹெம்மிங் எல்லாம் அப்போது, தரையில் காலை நீட்டிக்கொண்டு. நடுவில் நாற்பது நிமிடத் தூக்கம். நாலரைக்கு மறுபடி மெஷின், எட்டு வரை. "பகலில் வந்தால் கதவு சாத்தியிருக்கிறதே" என்று முதலில் குறைப்பட்டார்கள். கதவில் நேரத்தை எழுதி ஒட்டினேன். இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

காற்றாடி விஷயத்தில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி மொட்டை மாடிச் சூட்டை இறக்கிக் கொட்டும், போதாததற்கு வெட்டிய துண்டுகளையும் பறக்க விடும். அதை நிறுத்திவிட்டு ஒரு டேபிள் ஃபேனை மெஷினுக்கு அடியில், காலைப் பார்க்க வைத்தேன். துணி பறக்காது, கால் வீங்குவதும் குறைந்தது. நாள் முழுக்கத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வெயில் காலத்தில் பாதம் வீங்கும். மதியம் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் இறங்கும். மொட்டை மாடிக்கு மார்ச்சிலேயே சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம். வெள்ளையாக இருந்தால் பாதி வெயில் திரும்பிப் போய்விடுகிறது.

தண்ணீருக்கு மண்பானை. குளிர்பெட்டி இருந்தும் பானைதான், தொண்டை கட்டுவதில்லை. பானை வாங்குகிறவர்கள் பெயின்ட் பூசிய அழகுப் பானையை வாங்காதீர்கள். சுவரில் கசிந்து வெளியே வரும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே இருப்பது குளிர்கிறது. பெயின்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடும். மார்ச், ஏப்ரலில் காற்று காய்ந்திருக்கும்போது நம் ஊர்ப் பானை பிரமாதமாக வேலை செய்யும். மே கடைசியில் வானம் மூடிக்கொண்டு புழுங்கும்போது அதே பானை சோம்பல் காட்டும். பானையைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலருக்கும் இதே குணம்தான். அதனால்தான் கூலரை ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும்.

மூன்றாவது கோடையில் வேறொன்று வந்தது. தொடையின் பின்பக்கம் வேனல்கட்டி. தையல்காரிக்கு இதைவிட அவமானமான இடத்தில் கட்டி வர முடியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தைத்ததில் அந்த வாரம் தைத்த பட்டிகளெல்லாம் லேசாகக் கோணின. அத்தை மாம்பழத்தைக் குற்றம் சாட்டினார்கள். சேலத்தில் பிறந்துவிட்டு மே மாதத்தில் மாம்பழத்தைத் தொடாதே என்றால் எப்படி? அதுவும் இமாம்பசந்த் வந்திருக்கும் நேரம். மருத்துவர் மாம்பழத்தை விடுவித்தார். வியர்வையும் உராய்வும் சேர்ந்து, முடிக்கால் வழியாகக் கிருமி போனால் வருவது கட்டி என்றார். குற்றவாளி என் நாற்காலியில் இருந்த ரெக்சின் மெத்தை. அதை எடுத்துவிட்டுப் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டேன், நடுப்பகலில் ஒருமுறை மாற்றுவேன். கட்டியைப் பிதுக்காமல் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்க, தானே உடைந்து ஆறியது.

ஆனால் மாம்பழம் முழுதாகத் தப்பவில்லை. கட்டி வந்தால் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கம் என்று ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 112. சர்க்கரை நோய் இல்லை. ஆனால் 100-க்கு மேல் 125 வரை இருப்பவர்கள் நோயின் வாசலில் நிற்பவர்களாம். இப்போது எனக்கு இரண்டு துண்டு. வீட்டில் மற்றவர்கள் கொட்டையைச் சப்பும்போது நான் எழுந்து போய் பாபின் சுற்றுவேன்.

கெண்டைக்கால் பிடிப்பும் உண்டு. நாள் முழுக்க வியர்த்த இரவில், தூக்கத்தில் இழுக்கும். விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி இழுத்துப் பிடித்தால் விடும். உப்புப் போட்ட நீர்மோர் போதும் எனக்கு. அதிகம் வியர்த்து, வயிறும் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டர். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கைக்கு வந்தபடி கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டருக்குத் தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பழச்சுவையில் அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி நானும் வாங்கியிருக்கிறேன். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உரிய கலவை இல்லாத பானங்களின் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. இனியாவது பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்கலாம்.

அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. ஒரு ஏப்ரலில் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மாத்திரையில் உடம்புத் தண்ணீரை வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருந்தது. வியர்வையிலும் போய், மாத்திரையிலும் போனால் அழுத்தம் கீழே இறங்கும். மருத்துவர் அளவை மாற்றிக் கொடுத்தார். நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வெயில் தொடங்கும்போது ஒருமுறை அளந்து காட்டிவிடுவது நல்லது. இவையெல்லாம் வீட்டில் சமாளிக்கிற உபாதைகள். வெயிலில் இருந்த ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ மோர், வெங்காயம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இத்தனை புலம்பலுக்கு நடுவில் கோடையில் எனக்குப் பிடித்த ஒரு வேலை இருக்கிறது. ஜவ்வரிசி வற்றல். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு 2023-இல்தான் கிடைத்தது, எங்கள் மொட்டை மாடி அதை எப்போதோ கொடுத்துவிட்டது. ஏப்ரலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு விடுமுறை. முந்தைய இரவே ஜவ்வரிசியை ஊறவைத்துவிட்டு, விடியும் முன் அத்தை கஞ்சி கிண்டுவார்கள். கண்ணாடி போல ஆனதும் பச்சை மிளகாய் விழுது, சீரகம், எலுமிச்சைச் சாறு. "உப்பைக் குறைத்துப் போடு கண்ணு, காய்ந்தால் ஏறும்" என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார்கள். ஏழு மணிக்குள் பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு இறங்கிவிட வேண்டும். அதன் பிறகு வேலை வெயிலுடையது, கூலி கிடையாது. மாலையில் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வற்றல் உடையாமல் உரிந்து வரும். நாங்கள் இருவரும் அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசுவதில்லை. கீழே தெருவில் பால்காரர் போவார், தூரத்தில் ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதும்.

போன வருடம் மே மாதம் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் ஏற்காடு போனோம். சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே வேகும்போது மேலே ஏழெட்டு டிகிரி குறையும். இருபது கொண்டை ஊசி வளைவில் பதினொன்றாவதில் மகள் வாந்தி எடுத்தாள். பஸ்ஸில் பின்சீட்டு, கைப்பேசி, வயிறு நிறைய பூரி, மூன்றும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? திரும்பும்போது முன்பக்கம் உட்கார்ந்து தூரத்தில் பார்க்கச் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை. கோடை விழாக் கூட்டத்தில் ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. கட்டணக் கழிப்பறை வாசலில் பெண்கள் வரிசை வளைந்து வளைந்து, பஸ் ஏறி வந்த மலைப்பாதை போலவே இருந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாகப் பையிலிருந்த பாட்டிலை உள்ளே தள்ளியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. வரிசையில் நின்றேன். இருபத்தைந்து நிமிடம். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அதுவும் ஊர் சுற்றிப் பார்த்த கணக்கில் சேர்ந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. மகள் ஏழாம் வகுப்பு. முதல் வாரம் மாலையில் அவள் பையைத் திறந்தால் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வந்திருந்தது. மறுநாளும் அப்படியே. ஏன் குடிக்கவில்லை என்றால் "தாகம் எடுக்கவில்லை" என்றாள். அந்தப் பதிலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசிக்கவே தேவையில்லை. தோண்டிக் கேட்டதில் மெல்லச் சொன்னாள். இடைவேளை பத்து நிமிடம். கழிப்பறையில் கூட்டம். சீருடைச் சுடிதாரில் நாடா. அவசரத்தில் இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். முந்தைய வருடம் அப்படி ஒருநாள் இறுகி, மணியடித்து, வகுப்புக்குத் தாமதமாகிப் போய் எல்லோர் முன்னாலும் நின்றிருக்கிறாள். அதிலிருந்து பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை.

அந்தச் சுடிதாரைத் தைத்தது நான். அந்த நாடாவைக் கோத்ததும் நான்.

அன்றிரவே அவளுடைய மூன்று பேன்ட்டிலும் இடுப்புப் பட்டியைப் பிரித்து எலாஸ்டிக் வைத்தேன். ஒன்றேகால் அங்குல எலாஸ்டிக், இடுப்பளவில் இரண்டரை அங்குலம் குறைத்து வெட்டி, பட்டிக்குள் சுருளாமல் இருக்க நடுவில் ஒரு ஓட்டுத் தையல். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்த வருடச் சீருடைக்குத் துணி கொண்டுவருகிற தாய்மார்களிடம் நாடாவா எலாஸ்டிக்கா என்று நானே கேட்கிறேன். காரணம் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எலாஸ்டிக் என்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் தன்னுடைய சுடிதாரையும் அப்படியே மாற்றித் தரச் சொன்னார். அவர் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் நிற்கிறவர்.

எலாஸ்டிக்குக்கு ஒரு பேன்ட்டுக்குப் பதினைந்து ரூபாய் கூடுகிறது. அதை நான் வாங்குவதில்லை. மகளின் பாட்டில் இப்போது பாதி காலியாகித் திரும்புகிறது. மீதிப் பாதியைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.